தண்ணீர் தெளிந்த நாள்

என் அண்ணனின் கண் போனதற்கு, முப்பது வருடமாக அவன் முகர்ந்த, பெயிண்டைக் கரைக்கிற தின்னர் ஒரு காரணம் என்றால், நானும் அண்ணியும் இன்னொரு காரணம். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. கூடத்தில் இருந்த கடல்தண்ணீர் மீன்தொட்டி பச்சையாகிப் பிறகு தெளிந்த அந்த மூன்று மாதத்தில் எங்களில் ஒருத்தி வாயைத் திறந்து உள்ளதைச் சொல்லியிருந்தால், அவன் இன்றைக்கும் பட்டறையில் பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவே நின்று யாரையாவது திட்டிக்கொண்டிருப்பான். நாங்கள் சொல்லவில்லை. அவன் கண்ணை மீறி எதையும் பார்க்கிற பழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது.

அண்ணன், அடிபட்ட கார்களைச் சரிசெய்கிற பட்டறையில் பெயிண்ட் கலக்குகிறவன். அங்கே அவனுக்குக் கலர்காரர் என்றுதான் பெயர். நசுங்கின கதவைக் கழற்றிவிட்டுப் புதுசு போட்டால், அதற்கு அடிக்கிற பெயிண்ட் பக்கத்துக் கதவோடு ஒட்டிப்போக வேண்டும். கார் செய்தவர்கள் அந்தக் கலருக்கு ஒரு எண் கொடுத்திருப்பார்கள். ஆனால் ஐந்து வருடம் வெயிலில் நின்ற காருக்கு அந்த எண் எந்த மூலைக்கு? அண்ணன் கண்ணால் கலப்பான். ஒரு சின்ன அட்டையில் அடித்து, காயவைத்து, வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்க் காரின் மேல் வைப்பான். நேராக ஒரு பார்வை, தலையைச் சாய்த்து ஒரு பார்வை. "கருப்பு ரெண்டு சொட்டு, மஞ்சள் அரைச் சொட்டு" என்பான். அதற்குப் பிறகு அட்டை எது, கார் எது என்று தேட வேண்டியதுதான். பட்டறை முதலாளி நிறம் அளக்கிற கருவி ஒன்று வாங்கி வந்தார். அண்ணன் அதற்குக் குருடன் என்று பெயர் வைத்து அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட்டான். அன்றைக்கு நானும்தான் சிரித்தேன்.

வீட்டிலும் நிறம் என்றால் அவன் வைத்ததுதான் சட்டம். கல்யாணமான புதிதில் அண்ணியின் தோடுகளைப் பார்த்துவிட்டு, "இந்த ரெண்டு கல்லும் ஒரே கல்லு இல்ல" என்றான். அம்மா வீட்டில் ஆசையாக வாங்கிக் கொடுத்த தோடு, அண்ணிக்கு மூக்குக்கு மேல் கோபம். மறுநாள் ஜன்னலோரம் வைத்துப் பார்த்தால் ஒன்றில் துளி ஊதா. எனக்குப் பன்னிரண்டு வயதில் மஞ்சள் காமாலை வந்தபோது, டாக்டருக்கு முன்னால் அவன்தான் கண்டுபிடித்தான். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டை வைத்து எழுந்தான். "இவ கண்ணுல மஞ்சள் இருக்கு" என்றான். வேறு யாருக்கும் தெரியவில்லை. ரத்தத்தைச் சோதித்தால் இருந்தது. அதற்கப்புறம் அவன் கறுப்பைக் காட்டி வெள்ளை என்று சொல்லியிருந்தாலும் நான், "ஆமாண்ணா, பளிச்சுனு இருக்கு" என்றுதான் சொல்லியிருப்பேன்.

நான் தபால் நிலையத்தில் கவுண்டரில் உட்காருகிறவள். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, அது வேறு கதை, அதில் சுவாரசியமும் இல்லை. அண்ணன் வீட்டில் மூன்றாவது அறை என்னுடையது. ஆக, கூடத்தில் அந்தத் தொட்டி வந்து உட்கார்ந்த நாளிலிருந்து எல்லாவற்றுக்கும் நான் சாட்சி.

தொட்டி வந்ததற்குக் காரணம் சொன்னால் சிரிப்பீர்கள். "ஊர்ல எவனைப் பாரு, வெள்ளைக் கார், சாம்பல் கார், கறுப்புக் கார். கண்ணு செத்துப்போகுது" என்று ஒரு நாள் புலம்பினான். அடுத்த வாரம் நாலடி நீளத்தில் கண்ணாடித் தொட்டி வந்து இறங்கியது. பாறை, மணல், மூட்டையில் கடல் உப்பு, தண்ணீரைச் சுழற்றுகிற பம்பு, நுரையோடு அழுக்கை எடுக்கிற ஒரு குழாய். பிறகு ஒவ்வொன்றாகப் பவளங்கள். பாறையில் ஒட்டி வைத்தால் பூப்போல விரிந்து, விளக்கைப் போட்டால் உள்ளேயிருந்து எரிகிற மாதிரி நிறம் காட்டும். ஒவ்வொன்றுக்கும் பழைய கார்களின் நிறத்தைப் பெயராக வைத்தான். அண்ணி கூட்டிப் பெருக்கும்போது, "உங்க எண்பத்தி ரெண்டு மாடல் ஆரஞ்சு இன்னிக்கு விரியலைங்க" என்பாள். இரண்டு கோமாளி மீன், ஒரு மஞ்சள் தட்டை மீன். வேலை முடிந்து வந்ததும் கை கழுவக்கூட இல்லாமல் அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவான். எட்டு வருடம் அவனை அவ்வளவு சந்தோஷமாக வேறெதுவும் வைத்திருக்கவில்லை, நாங்களும் வைத்திருக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை தண்ணீரில் லேசாகப் பச்சை தட்டியது. வெள்ளிக்கிழமைக்குள் பாறை தெரியவில்லை. கோமாளி மீன்கள் கண்ணாடிக்கு ஒரு சாண் அருகில் வந்தால்தான் ஆரஞ்சாகத் தெரிந்தன. மிதக்கிற பாசி, உப்புத் தண்ணீர்த் தொட்டியில் வந்தால் வேகமாகப் பெருகும். அண்ணன் தலைகீழாக நின்றான். தீனி அதிகமா, வெயில் படுகிறதா, பாறைக்கு அடியில் ஏதாவது செத்துக் கிடக்கிறதா என்று எல்லாவற்றையும் தேடினான். கடைசியில் குழாய்த் தண்ணீரைச் சுத்தம் பண்ணுகிற வடிகட்டியைக் கழற்றினான். அதற்குள் சின்னச் சின்ன மணிகள் இருக்கும். நீலமாக இருந்தால் நல்லது. பழுப்பாகிவிட்டால் அது தீர்ந்துவிட்டது, தண்ணீரில் இருக்கிற கசடெல்லாம் தொட்டிக்குள் போய்ப் பாசிக்குச் சாப்பாடாகிறது என்று அர்த்தம்.

"நீலமாத்தான் இருக்கு. எதுக்கும் மாத்திடுவோம்" என்று சொல்லிப் பழசை என் கையில் கொடுத்தான், குப்பையில் போட.

நான் அதைப் பார்த்தேன். காபித்தூள் நிறத்தில் இருந்தது. படிக்கட்டில் நின்று வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கூடப் பார்த்தேன். நீலம் எங்கேயும் இல்லை. என்ன நினைத்தேன் தெரியுமா? இதற்குள் எங்கேயோ நமக்குத் தெரியாத ஒரு நீலம் இருக்கும்போல, அண்ணனுக்குத் தெரிகிறது என்று நினைத்தேன். நினைத்துவிட்டுக் குப்பைத்தொட்டியில் போட்டேன். அன்றைக்கே அவன் கண் கெட ஆரம்பித்துவிட்டது என்பதற்கு என் கையில் இருந்ததுதான் அத்தாட்சி.

அதற்கப்புறம் எல்லாம் முறையாகத்தான் செய்தான். புது வடிகட்டி. இரண்டு நாளுக்கு ஒரு முறை கொஞ்சம் தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர். பாசியைக் கொல்லுகிற புறஊதாக்கதிர் விளக்கு ஒன்று வாங்கிக் குழாயில் சேர்த்தான். மூன்று நாள் தொட்டியின் மேல்விளக்கை அணைத்து அதைக் கறுப்புத் துணியால் மூடி வைத்தான். பாசி சாகும்போது மீனுக்கு மூச்சு முட்டக்கூடாது என்று உள்ளே காற்றுக் குமிழியும் விட்டான். வெளிச்சம் இல்லையென்றால் பாசி பட்டினி கிடந்து செத்துவிடும். பவளம் மூன்று நாள் தாங்கும். துணியை எடுத்தபோது பச்சை பாதியாகிவிட்டது. இன்னும் ஒரு வாரத்தில் போயே போய்விட்டது.

அதாவது எங்களுக்குப் போய்விட்டது.

"பச்சை போயிடுச்சு. இப்போ பால் மாதிரி கலங்கல் வந்திருக்கு" என்றான் அண்ணன். பாசி செத்த பிறகு சில நேரம் அப்படி ஆகுமாம், அவனே விளக்கம் சொன்னான். பிறகு எங்கள் பக்கம் திரும்பினான். "கலங்கலா இருக்குல்ல?"

அண்ணி பார்த்தாள். நான் பார்த்தேன். தொட்டியின் பின்பக்கக் கண்ணாடியில் ஒரு பழைய கீறல் உண்டு. நாலடிக்கு இந்தப் பக்கத்திலிருந்து அது எனக்குத் தெரிந்தது. மணலில் ஒரு நத்தை ஊர்வது தெரிந்தது.

"லேசா இருக்குங்க" என்றாள் அண்ணி.

"ஆமாண்ணா, லேசா" என்று நானும் ஒத்து ஊதினேன்.

அவன் கடைக்குப் போனதும் சமையலறையில் நான் அண்ணியைக் கேட்டேன். "உங்களுக்கு நிஜமா கலங்கல் தெரியுதா அண்ணி?"

"இல்லையே. உனக்கு?"

"எனக்கும் இல்ல."

அண்ணி பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள். "அவருக்குத் தெரியுதுன்னா இருக்கும். நம்ம கண்ணுக்கு என்ன தெரியுது? தோட்டுக் கல்லே தெரியலையே."

அவ்வளவுதான் பேச்சு. அரை நிமிடம் இருக்காது. இரண்டு பெண்கள், நாலு நல்ல கண்கள், ஒருத்திக்குக்கூடச் சந்தேகம் அவன் மேல் போகவில்லை. எங்கள் மேல்தான் போனது. இதை நான் பிற்பாடு எத்தனை பேரிடம் சொல்லிப் பார்த்திருக்கிறேன், யாரும் நம்புவதில்லை.

அண்ணன் விடுவானா? தண்ணீர் மாற்றினான், மறுபடி மாற்றினான். தீனியைப் பாதியாக்கினான். மீன்கள் கண்ணாடியில் வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அண்ணி பாவம் பார்த்து ஒரு சிட்டிகை போட்டால் அவளைத் திட்டினான். கண்ணாடியை உள்ளேயும் வெளியேயும் துடைத்துத் துடைத்துத் துணி கிழிந்தது. தண்ணீரைச் சோதிக்கிற மருந்து ஒன்று உண்டு. சின்னக் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் தொட்டித் தண்ணீர் எடுத்து அதில் சொட்டுவிட்டால் நிறம் மாறும். அட்டையில் இருக்கிற நிறத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் தண்ணீரில் கசடு எவ்வளவு என்று தெரியும். அதில் நிறமே ஏறவில்லை. துளிக் கசடு இல்லை என்று அதற்கு அர்த்தம். அண்ணன் மருந்து கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டான். புதுசும் அதையே சொன்னது.

"மருந்து என்ன வேணா சொல்லட்டும். நான் என் கண்ணைத்தான் நம்புவேன்" என்றான்.

பவளங்கள் வெளுக்க ஆரம்பித்தன. அவன் வெளுத்துவிட்டது என்று முதலில் சொன்னபோது அவை வெளுத்திருக்கவில்லை. எண்பத்தி இரண்டு மாடல் ஆரஞ்சு அப்போது ஆரஞ்சாகத்தான் இருந்தது. அவன் சொல்லி, அதற்காக வெளிச்சத்தைக் குறைத்து, மறுபடியும் கறுப்புத் துணி போட்டு மூடி, இந்தத் தடவை ஐந்து நாள் வைத்த பிறகுதான் நிஜமாகவே வெளுத்தன. பவளத்துக்கும் தண்ணீரில் கொஞ்சம் கசடு வேண்டுமாம், அதுதான் அதற்குச் சாப்பாடு. ஒன்றுமே இல்லாத அளவுக்கு அவன் அந்தத் தண்ணீரைச் சுத்தம் பண்ணிவிட்டான். ஒவ்வொன்றாகச் சுருங்கி, தோல் உரிந்து, வெறும் வெள்ளை எலும்பாக நின்றன. இறந்ததை அவனே ஒவ்வொன்றாக எடுத்து வாளியில் போடுவான். எனக்கு அவனைப் பார்க்கச் சகிக்காது. ஆறுதல் சொல்கிறேன் பேர்வழி என்று, "தண்ணி இன்னும் தெளியலையேண்ணா, நீ என்ன பண்ணுவே" என்று சொல்லியிருக்கிறேன். இந்த வாயால்தான்.

பட்டறையிலும் இரண்டு கார்கள் திரும்பி வந்தன. வெள்ளைக் கார்தான் இரண்டும். கதவு ஒரு வெள்ளை, வண்டி ஒரு வெள்ளை. புதுசாகப் போட்ட விளக்கு சரியில்லை என்றான் அண்ணன். முதலாளியும் தலையாட்டிவிட்டு விளக்கை மாற்றினார். முப்பது வருடத்தில் ஒரு கார் திரும்பியதில்லை. அவருக்கும் எங்களைப் போலவே கலர்காரரைச் சந்தேகப்பட மனம் வரவில்லை. அண்ணன் மறுபடியும் பெயிண்ட் கலக்குகிற அந்த மூடின அறைக்குள் போய், இன்னும் நெருங்கிக் குனிந்து, இன்னும் அதிக நேரம் டப்பாவுக்குள் பார்த்தான். முகமூடி அணிந்தால் அதன் கண்ணாடியில் மூச்சு படிகிறது என்று அதையும் கழற்றிவிட்டான்.

கடைசியில் உண்மையைச் சொன்னது ஒரு வெளியாள். தொட்டிக்குச் சாமான் விற்கிற கடைக்காரர், அண்ணன் கேட்ட இன்னொரு புறஊதாக்கதிர் விளக்கைக் கொடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷர், கொஞ்சம் வாய் அதிகம். எங்கள் வீட்டுச் சட்டம் அவருக்குத் தெரியாது. தொட்டிக்கு முன்னால் குனிந்து இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் பார்த்தார்.

"எதுக்கு சார் இன்னொரு விளக்கு? தண்ணி குடிக்கலாம் போல இருக்கு. இவ்வளவு தெளிவா நான் கடையிலகூட வெச்சுக்கறதில்ல."

அண்ணன் சிரித்தான். "என்ன விளையாடுறீங்களா? பால் மாதிரி இருக்கு."

"யாரு விளையாடுறா? நீங்கதான். பின்னாடி கீறல் தெரியுது பாருங்க."

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. எங்களைப் பார்த்தான். நாங்கள் தரையைப் பார்த்தோம். கடைக்காரர் ஏதோ தப்பாகப் பேசிவிட்டோம் என்று விளக்கை மேசையில் வைத்துவிட்டு நழுவினார். அண்ணன் ஜன்னலுக்குப் போனான். ஒரு கண்ணைப் பொத்தி எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்தான். இன்னொரு கண்ணைப் பொத்திப் பார்த்தான். பிறகு தன் உள்ளங்கையை முகத்துக்கு நேரே வைத்துப் பார்த்தான். என் அண்ணன் பயந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கண் டாக்டர் வயதில் சின்னவள், பொறுமைக்காரி. புள்ளி புள்ளியாக நிறங்கள் போட்டு நடுவில் எண் ஒளித்து வைத்த புத்தகத்தைப் பிரித்தாள். முதல் பக்கம் எனக்கே தெரிந்தது, ஏழு. அண்ணன் தலையைச் சாய்த்தான், நேராக்கினான், மறுபடி சாய்த்தான். பட்டறையில் அட்டையைப் பார்க்கிற அதே மாதிரி. "எண் எதுவும் இல்லையே" என்றான். பக்கம் புரட்டப் புரட்ட அதையே சொன்னான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, கண் நரம்பு வெளுத்துப்போயிருக்கிறது, தின்னர் ஆவியில் இருக்கிற விஷம் சிலருக்கு இப்படிச் செய்யும் என்றாள். "ஆரம்பத்துலயே தெரிஞ்சு, அந்த வேலைய நிறுத்தியிருந்தா பெரும்பாலும் திரும்பி வந்துடும். எப்போலேர்ந்து மங்கலா இருக்கு?"

அண்ணனுக்குச் சொல்லத் தெரியவில்லை. அவனுக்கு மங்கினது கண் இல்லையே, தண்ணீர்தானே. அண்ணி பக்கம் திரும்பி, ரொம்ப மெதுவாகக் கேட்டான்:

"தண்ணி நிஜமா என்னிக்குத் தெளிஞ்சுது?"

அண்ணி அழுதுகொண்டே சொன்னாள். அவளுக்குத் தேதியே தெரிந்திருந்தது. "போன மாசத்துக்கு முந்தின மாசம், பதினொண்ணாம் தேதி. வியாழக்கிழமை. காலையில சமையல்கட்டுலேர்ந்து பார்க்கறேன், மஞ்சள் மீன் பின் மூலையில போறது தெரியுது. நீங்க வந்ததும் சொல்லணும்னு இருந்தேன். நீங்க வந்து கலங்கல்னு சொன்னீங்க."

டாக்டர் மேசையில் இருந்த காலண்டரைப் பார்த்தாள். பதினோரு வாரம். அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை, எழுதிக்கொண்டாள். இருக்கிற பார்வையைக் காப்பாற்றலாம், போனது இனி வருவது கஷ்டம் என்றாள். நாளைக்கே அந்த வேலையை விட்டுவிட வேண்டும் என்றாள். அண்ணன், "சரிங்கம்மா" என்றான். பட்டறையில் ஒருத்தரிடமும் அவன் அப்படிப் பணிவாகப் பேசி நான் கேட்டதில்லை.

வெளியே வந்தோம். தாழ்வாரத்தில் என்னைக் கேட்டான். "உனக்கும் தெரியுமாடி?"

"தெரியும்ணா."

"ஏன் சொல்லல?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. "நீ கலங்கல்னு சொன்னியேண்ணா" என்றேன்.

அவன் கோபப்படுவான் என்று நினைத்தேன். படவில்லை. "நான்தானே உங்களை அப்படிப் பழக்கினேன்" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தான். அண்ணி முகத்தைத் துடைத்துக்கொண்டு வேகமாக அவனுக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் பெரிய ரோடு. பஸ் நிறுத்தம் எதிர்ப்பக்கம். மத்தியான வெயில், வண்டிகள் எங்களுக்கு முன்னால் இரண்டு பக்கமும் பறந்துகொண்டிருந்தன. அண்ணன் கையைக் கண்ணுக்கு மேல் வைத்துச் சிக்னலைப் பார்த்தான். வழக்கமாகச் சொல்கிற மாதிரியேதான் சொன்னான்.

"பச்சை விழுந்துடுச்சு, வாங்க."

சொல்லிவிட்டு ஒரு காலை ரோட்டில் வைத்தான். நானும் அவன் பின்னாலேயே காலைத் தூக்கிவிட்டேன், சத்தியமாக. அண்ணிதான் அவன் சட்டைக் கையை இரண்டு கையாலும் பிடித்துப் பின்னுக்கு இழுத்தாள்.

"இல்லங்க" என்று கத்தினாள். "சிவப்பு. சிவப்புங்க அது."

கல்யாணமான இருபத்தேழு வருடத்தில் அவள் அவனிடம் ஒரு நிறத்தை மறுத்துச் சொன்னது அதுதான் முதல் தடவை. அண்ணன் ஏறி நடைபாதையில் நின்றான். எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாதவன் போல என் பக்கம் திரும்பினான்.

"அப்படியா?" என்று என்னைக் கேட்டான்.

"சிவப்புதாண்ணா" என்றேன்.